கேட் போட்ட நேரத்தில் மூன்றாம் பாகம்

முட்டை லோடை வேப்பமர நிழலில் விட்டுவிட்டு
மன்னார்குடியில் பகல் காட்சிக்குப் போனது தப்புத்தான்.
நீடாமங்கலம் வருவதற்குள்
மூன்று முறை திட்டிவிட்டேன், முதலாளியை இல்லை,
படம் எடுத்தவனை.

கேட் போட்டிருந்தது.
என்ஜின் திருப்புறாங்க, முக்கால் மணி நேரம் என்றான்
கொய்யா விற்பவன், கூடையை இறக்கிவைத்தபடி.
சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன்.
"கிராபிக்ஸ் நல்லாத்தானேக்கா இருந்துச்சு"
என்றான் ஜெபஸ்டின், நான்காவது தடவையாக.

மின்னல் மாசிலாமணி, பாகம் மூன்று.
ஒன்றில் அந்தமான் குகை.
இரண்டில் பாம்புத் தீவு, வௌவால் சாமியார்,
ஓடும் ரயில் கூரையில் கத்திச் சண்டை.
மூன்றில் மாசிலாமணி
ஐரோப்பாவில் கோட்டு போட்டு நடக்கிறான்.
வில்லன் அவனுடைய இரட்டைப் பிறவி.
புதையல் பெட்டியைத் திறந்தால் அம்மா எழுதிய கடிதம்.
நாலு வருஷம் காத்திருந்தது ஒரு கடிதத்துக்கா?

அதைக்கூட மன்னிப்பேன்.
தங்கபுஷ்பத்தை முதல் காட்சியிலேயே
மாலை போட்ட படமாக மாட்டிவிட்டார்கள்.
ஊதுபத்தி. ஒரு பெருமூச்சு. உடனே பாட்டு.

"யாருக்கா அது?"
படகு ஓட்டுவாளேடா,
இடுப்பில் பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு.
பாறையிலிருந்து மாசிலாமணி குதித்தபோது
விசிலடித்தாயே,
குதித்தவன் விழ
ஒரு படகு அங்கே நிற்க வேண்டாமா?
அந்தச் சுழலில், அந்த இருட்டில்,
சரியாக அந்த இடத்தில்?

அதனால் மூன்றாம் பாகத்தை நான் எடுக்கிறேன்.
ஐரோப்பா வேண்டாம். முத்துப்பேட்டை போதும்.
அலையாத்திக் காட்டில்
வேர்கள் மூச்சுவிட மேலே வரும் சேற்றுக்குள்
ஒரு டச்சுக் கப்பல்.
போகும் வழி
கோரையாற்று மதகின் பலகையில் செதுக்கியிருக்கிறது.
தண்ணீர் வடிந்தால்தான் படிக்கலாம்.
தண்ணீர் வந்தால்தான் போகலாம்.
எப்போது வரும் என்று
வில்லனுக்கும் சொல்லமாட்டார்கள்.

மாசிலாமணி ஓடுகிறான். ஓட முடியவில்லை.
எங்கள் சேறு நட்சத்திரம் பார்க்காது,
பூட்ஸை வைத்துக்கொண்டு
காலை மட்டும் திருப்பித் தருகிறது.
அடியாட்கள் நாற்றங்காலில் இறங்க
வரப்பிலிருந்து ஒரு சத்தம்:
"எந்தப் பயடா நாத்துல?"
இரண்டு கட்சியும் மன்னிப்புக் கேட்டு
தார்ச்சாலைக்கு ஏறி
விட்ட இடத்திலிருந்து அடித்துக்கொள்கிறார்கள்.

"சேஸிங்?"
இல்லாமலா.
வெள்ளைக் காரில் வில்லன்,
கடன் வாங்கிய டிராக்டரில் மாசிலாமணி,
புழுதி, கோழி, காயப்போட்ட உளுந்து,
அப்புறம் இங்கே,
கேட்.
முன்னும் பின்னும் அறுபது வண்டி.
துப்பாக்கி எடுத்தால்
பஸ் ஜன்னலில் ஒரு குழந்தை பார்க்கிறது.
வில்லன் கண்ணாடியை இறக்கிக் கொய்யா வாங்குகிறான்,
மிளகாய்த்தூள் கூடப் போடச் சொல்லி.
சில்லறை இல்லை.
மாசிலாமணி கொடுக்கிறான் பத்து ரூபாய்.
எதற்காகத் துரத்துகிறோம் என்று
இரண்டு பேரும் யோசித்துப் பார்க்கிறார்கள்,
சரக்கு வண்டிப் பெட்டிகளை எண்ணியபடி.
இந்தக் காட்சிக்குப் பின்னணி இசை கிடையாது.

ஜெபஸ்டின் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு அவனே கேட்டான்,
"தங்கபுஷ்பம்?"

ஆற்றுக்கு ஏதுடா கேட்.
கோடையிலேயே பலகையைப் படித்துவிட்டு
யாரிடமும் சொல்லாமல்
மூணாறு தலைப்புக்குக் கீழே காத்திருந்தவள்.
முதல் தண்ணீர் வருகிறது,
நுரையும் வைக்கோலும் பாட்டில் மூடியுமாக.
ரயில் பாலத்துக்கு அடியில் போகிறாள்,
தலைக்கு மேல் பெட்டிகள் தடதடக்க.
குனியக்கூட இல்லை.
தண்ணீர் எங்கே ஏமாற்றும் என்று
துடுப்புக்கு முன்பே தெரிகிற கை.
பாலத்தைத் தாண்டியதும் காமிரா அவளோடு போகிறது.
மாசிலாமணி கேட்டிலேயே இருக்கட்டும்.

"பெட்டியில என்னக்கா இருந்துச்சு?"

மணி அடித்தது. கேட் தூக்கினார்கள்.
பின்னால் அறுபது வண்டியும் ஒரே ஹாரன்.
சாவியைத் திருப்பினேன். டிக் என்றது. மறுபடி டிக்.
பேட்டரி முனை லூஸ்.
சீட்டுக்கு அடியில் ஸ்பேனர் இருக்கும் பார், என்றேன்.

"பத்துதானே" என்றான்,
குனிந்தபடி.